ஏற்காடு ஏற பழைய ஆம்னி: பவர் ஸ்டியரிங் வண்டிக்கு மாறலாமா?

கேள்வி (மாவுக்கடைக்காரர், அம்மாபேட்டை):
வணக்கங்க. என்னுது 2006 மாடல் ஆம்னி. வாரத்துல மூணு நாள் விடியக்காலைல இட்லி மாவு ஏத்திக்கிட்டு ஏற்காடு போறேன். 20 கொண்டை ஊசி, போக வர 40. வீடு வந்து சேர்ந்தா வலது தோள் விண்ணு விண்ணுனு தெறிக்குது. வயசு 53. "பவர் ஸ்டியரிங் வேனுக்கு மாறிடுங்க மாமா"ங்கறான் மச்சான். பழைய வேன் ஒண்ணு விலைக்கும் வந்திருக்கு. மாறலாமா, ஆம்னிலயே பவர் போட்டுக்கலாமா?

பதில் 1:
மாறுங்க. தோளு போச்சுன்னா மாவாட்டறது யாரு?

பதில் 2 (மலைல வேன் ஓட்டறவன்):
அண்ணே, அவசரப்படாதீங்க. ஆம்னி எஞ்சின் 796 சிசி, முன்சீட்டுக்கு அடியிலயே உக்காந்திருக்கு. நீங்களும் முன்சக்கரத்து மேலதான் உக்காந்திருக்கீங்க. நிக்கற வண்டில திருப்பினா கனமாத்தான் இருக்கும். ஆனா வண்டி உருண்டுக்கிட்டே இருந்தா இவ்வளவு வலிக்கக் கூடாது.

முன்பக்கம் ஜாக்கி வெச்சுத் தூக்கிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பிப் பாருங்க. அப்பவும் இறுகினா ராக் (ஸ்டியரிங் சுத்தறதைச் சக்கரத்துக்குக் கொண்டு போற பல்சட்டம்), பால் ஜாயின்ட் (சக்கரம் திரும்பறதுக்கான உருண்டை மூட்டு) இதுல ஏதோ வேலை. லேசா சுத்துனா கோளாறு டயர்லயோ, அலைன்மென்ட்லயோ (சக்கரம் நிக்கற கோணம்). முன்டயர்ல காத்து கம்மியா இருந்தாலே கனம் கூடிரும். பார்வைக்கு நல்லா இருக்குனு அகல டயர் மாட்டியிருந்தா அதைக் கழட்டிருங்க, அது வெட்டிச் சுமை. வளைவு முடிஞ்சதும் ஸ்டியரிங் தானா நேருக்குத் திரும்புதா? திரும்பலைன்னா ஜாயின்ட் காஞ்சு கெடக்குனு சந்தேகப்படலாம்.

பழைய பவர் வண்டி வாங்கறதா இருந்தா ஒண்ணு. அந்தக் காலத்து ஹைட்ராலிக் பவர்ல, அதாவது ஆயில் அழுத்தத்துல வேலை செய்யற பவர்ல, ஆயில் பம்பை எஞ்சின் பெல்ட்தான் சுத்தும். பெல்ட் அறுந்தாலும், ஆயில் ஒழுகினாலும், எஞ்சின் நின்னாலும் ஸ்டியரிங் ஆம்னியை விடக் கல்லாயிரும். டீசல் மிச்சம்னு இறக்கத்துல எஞ்சினை அணைச்சு விடற கிறுக்கு இன்னும் சில பேருக்கு இருக்கு. அப்படி விட்டா, பிரேக்கை லேசா மிதிக்க உதவற பூஸ்டரும் ரெண்டு மூணு மிதிக்கு மேல கை கொடுக்காது. நான் ஒருதடவை ஒன்பதாவது வளைவுல பெல்ட் அறுந்து, ரெண்டு கையாலயும் இழுத்துத் திருப்பினேன். மறுநாள் காப்பி டம்ளரைத் தூக்க முடியல!

ஆம்னில பவர் போடற வேலை வேண்டாம். ஊர்ல யாரோ வேற வண்டி பொருளைக் கொண்டாந்து மாட்டுவான், ஸ்டியரிங்ல அந்த விளையாட்டு ஆகாது.

பதில் 3 (மாவுக்கடைக்காரர்):
அண்ணே, இன்னிக்கு அஞ்சு ரோடு பக்கம் காத்து பாத்தேன். முன்டயர் ரெண்டுலயும் 16 பவுண்டுதான். பங்க் பையன் சிரிச்சுட்டான். ஜாக்கில தூக்கினா இடது பக்கம் திருப்பறப்ப மட்டும் ஒரு இடத்துல பிடிக்குது. திங்கக்கெழமை மெக்கானிக்கிட்ட விடறேன். மச்சான்கிட்ட வேன்காரனை ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிட்டேன்.

பதில் 4 (மலைல வேன் ஓட்டறவன்):
அந்தப் பிடிக்கற இடத்தை மெக்கானிக்கு நீங்களே திருப்பிக் காட்டுங்க, வண்டியை விட்டுட்டு வந்துராதீங்க. அதைச் சரி பண்ற வரைக்கும் மலை ஏறாதீங்க, மாவை பஸ்ல போட்டு விடுங்க.