மண்டல ஆசிரியர் மாநாடு: கற்பித்தல் தொழில்நுட்ப அமர்வுகளை எந்த அளவுகோலில் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: ஒருங்கிணைப்புக் குழு உறுப்பினர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மண்டலத்துப் பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள் கூடும் இரண்டு நாள் மாநாட்டுக்கு அமர்வுகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இம்முறை என்னிடம் வந்திருக்கிறது. கற்பித்தலிலும் கற்றலிலும் தொழில்நுட்பத்தின் பங்கு என்பதே பொருள்.

சென்ற மாநாட்டில் நான் பார்வையாளராக இருந்தேன். ஓர் அமர்வுக்கு ஒரு செயலி என்ற கணக்கில் வரிசையாக விளக்கிக் காட்டினார்கள். நாங்களும் ஆர்வத்தோடு குறிப்பெடுத்துக்கொண்டோம். ஆனால் அடுத்த பருவத்தில் என் துறையில் விசாரித்தபோது, அவற்றுள் ஒன்றையாவது வகுப்பறைக்குக் கொண்டுசென்றவர் ஒருவரும் இல்லை, நானும் கொண்டுசெல்லவில்லை. இப்போது வந்துள்ள முன்மொழிவுகளிலும் பெரும்பாலானவற்றின் தலைப்பில் ஏதாவது ஒரு மென்பொருளின் பெயர்தான் முன்னால் நிற்கிறது. ஏறக்குறைய பாதி, செயற்கை நுண்ணறிவைப் பற்றியவை. எதைக் கொண்டு தரம் பிரிப்பது? இத்தகைய மாநாடுகளை நடத்திய அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: இயற்பியல் விரிவுரையாளர்

ஐயா, முன்மொழிவுப் படிவத்தின் முதல் கேள்வியை மாற்றிவிடுங்கள். "எந்தக் கருவி?" என்று கேட்கும் இடத்தில், "உங்கள் மாணவர்கள் எந்த இடத்தில் தடுமாறினார்கள்?" என்று கேளுங்கள்.

என் துறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர், சூத்திரங்களில் எண்களைப் பொருத்தி விடை காணும் தம் மாணவர்கள் அடிப்படைக் கருத்துகளில் தவறுவதைக் கண்டு, 1991 முதல் வகுப்பை நடத்தும் முறையையே மாற்றினார். ஒரு கருத்துவினா கேட்கப்படும். மாணவர் ஒவ்வொருவரும் தனியாக விடையைத் தேர்வு செய்வர். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாடி, மீண்டும் ஒருமுறை விடையளிப்பர். முதற்சுற்றில் ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டினர் சரியாகச் சொல்லும் வினாவில்தான் இந்த விவாதம் அதிகப் பயன் தருகிறது. எல்லோருக்கும் தெரிந்த விடையில் பேச ஒன்றுமில்லை. எவருக்கும் தெரியாததில் ஒருவருக்கொருவர் உதவ முடியாது.

இந்த முறை பரவியபோது, விடையைப் பதிவு செய்யும் மின்னணுக் கைக்கருவிகளும் கூடவே பரவின. மாநாடுகளில் அந்தக் கருவிதான் மேடையேறியது. ஆனால் எழுத்து அச்சிட்ட அட்டைகளை மாணவர் உயர்த்திக் காட்டிய வகுப்பையும் கைக்கருவி பயன்படுத்திய வகுப்பையும் ஒப்பிட்டு 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கற்றலில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்று கண்டது. கைக்கருவியால் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. எண்ணிக்கை உடனே தெரிகிறது, பதிவும் இருக்கிறது, கூச்சமுள்ள மாணவரும் துணிந்து விடையளிக்கிறார். ஆயினும் கற்றலை விளைவித்தது வினாவும் வாதமுமே. ஆகவே மாணவர் எழுதிய விடைத்தாள்களையோ பதிவுகளையோ, முன்னும் பின்னுமாக, கையோடு கொண்டுவந்து காட்ட இயலாத முன்மொழிவை நான் ஏற்க மாட்டேன்.

பதில் 2: ஆசிரியர் பயிற்சியாளர்

மேலே எழுதியவரின் படிவத் திருத்தத்தை முழுமனத்தோடு ஏற்கிறேன். எனினும் கருவி எப்போதும் இரண்டாம் நிலைதான் என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது. இந்த வாதம் பழையது. கற்பித்தல் ஊடகங்கள் மளிகைச் சாமான் ஏற்றிவரும் வண்டியைப் போன்றவை, வண்டியால் நம் உடலின் ஊட்டம் மாறுவதில்லை என்று கல்வி ஆய்வாளர் ரிச்சர்டு கிளார்க் 1983இல் எழுதினார். ஊடகத்துக்கே உரிய ஆற்றல்கள் கற்றலை மாற்றக்கூடும் என்று மற்றோர் ஆய்வாளரான ராபர்ட் கோஸ்மா மறுத்தார். என் அனுபவம் கோஸ்மாவின் பக்கம் சாய்கிறது. ஜியோஜீப்ரா என்னும் கணித மென்பொருளில் முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுக்கும் மாணவி, கோணங்கள் ஒவ்வொன்றும் மாறியும் அவற்றின் கூட்டுத்தொகை 180 பாகையாகவே நிற்பதைத் தன் கண்ணால் காண்கிறாள். கரும்பலகையில் வரைந்த படம் அசையாது. திரைவாசிப்பான் வழியாகப் பாடநூலைக் கேட்கும் பார்வையற்ற மாணவருக்கோ, கருவி இல்லையென்றால் பாடமே இல்லை.

சென்ற மாநாட்டின் குறை வேறிடத்தில் இருந்தது என்றே கருதுகிறேன். கண்டு கேட்டதை மட்டும் வைத்துக்கொண்டு எந்த ஆசிரியரும் தம் வகுப்பை மாற்றிக்கொள்வதில்லை. தாமே செய்து பார்க்கவும், தவறும்போது அருகிலிருந்து ஒருவர் திருத்தவும் வேண்டும். ஆகவே அமர்வுகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம் கொடுங்கள். அதில் பாதி நேரம், வந்திருப்பவர்கள் அடுத்த மாதம் எடுக்கவிருக்கும் பாடத்தின் மீதே வேலை செய்யட்டும். ஒரே பாடம் நடத்தும் இருவரை இணையாக்கி, ஆறு வாரம் கழித்து இணையவழியில் ஒரு மணி நேரம் அவர்கள் மறுபடி சந்திக்க ஏற்பாடு செய்யுங்கள். அந்த ஒரு மணி நேரத்தை மாநாட்டு அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள். பின்னால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் நடக்காது.

பதில் 3: மொழி ஆசிரியை

செயற்கை நுண்ணறிவு அமர்வுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மாணவர் எழுதியதா, இயந்திரம் எழுதியதா என்று கண்டறியும் மென்பொருள்களைப் பரிந்துரைக்கும் முன்மொழிவுகளைத் தயவுசெய்து ஒதுக்கிவிடுங்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் தானே வெளியிட்ட அத்தகைய கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தாமே எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை இயந்திரத்தின் எழுத்தென்று தவறாகக் குறிக்கப்பட்டன. இரண்டாம் மொழியில் எழுதப் பாடுபடும் ஒரு பிள்ளையின் மீது இந்தப் பழி விழுவதை நினைத்தாலே எனக்கு மனம் பதறுகிறது.

பதிலாக, ஒவ்வொருவரும் தாம் வழக்கமாகக் கொடுக்கும் ஓர் ஒப்படைப்பைக் கொண்டுவரட்டும். அதை அங்கேயே, கட்டுரை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் கொடுத்து, வரும் விடையை நம் மதிப்பீட்டுக் குறிப்பின்படி திருத்திப் பார்ப்போம். முழு மதிப்பெண் கிடைத்துவிட்டால், ஒப்படைப்பை எப்படி மாற்றுவது என்பதே மீதி நேரத்துக்கான பேச்சு.

பதில் 4: கணினி ஆய்வகப் பொறுப்பாளர்

ஒரு சிறு சேர்க்கை. இணையம் இல்லாத வகுப்பறையில், அல்லது பத்து மாணவருக்கு ஒரு சாதனம் உள்ள இடத்தில், இதே பாடம் எப்படி நடக்கும் என்ற கேள்வியையும் படிவத்தில் சேருங்கள். மாநாட்டு அரங்கின் வேகமான இணைப்பில் அழகாக ஓடியது, திரும்பிப் போன இடத்தில் திறக்கவே இல்லை என்பது நான் அடிக்கடி கேட்கும் குறை.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. மாணவரின் தடுமாற்றம், முன்னும் பின்னுமான மாணவர் எழுத்து, இணையமற்ற மாற்றுவழி ஆகிய மூன்றையும் கேட்கும் புதிய படிவத்தை, முன்மொழிந்த அனைவருக்கும் இன்று மாலை அனுப்புகிறேன். ஆறாம் வாரச் சந்திப்பையும் நிகழ்ச்சி நிரலில் சேர்த்துவிட்டேன். பயிற்சியாளர் ஐயாவிடம் ஒரு கேள்வி மட்டும் மீதமிருக்கிறது: ஒரு பாடத்துக்கு ஒற்றைப்படை எண்ணிக்கையில் ஆசிரியர்கள் வந்தால், மூவரைச் சேர்ப்பது நல்லதா, அல்லது எஞ்சியவரை வேறு பாட ஆசிரியரோடு இணைக்கலாமா?