டார்க்: திருப்பு விசையா, முறுக்கு விசையா, திருகளவா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான கார் எஞ்சின் பழுதுபார்ப்புக் கையேடு ஒன்று தமிழாகிறது. சிலிண்டர் ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) மாட்டும் பகுதியில் 'டார்க்' (torque: ஒன்றை அதன் அச்சில் திருப்ப முனைவதன் அளவு) என்ற சொல் வரிக்கு வரி வருகிறது. பாடநூல்களில் 'திருப்பு விசை' என்றும் 'முறுக்கு விசை' என்றும் இருக்கிறது. 'திருப்புத்திறன்' என்றும் பார்க்கிறோம். ஒர்க்ஷாப்பில் யாரைக் கேட்டாலும் 'டார்க் வை' என்பதுதான். எதை எடுப்பது?

என் தயக்கம் இரண்டு. முதலாவது, டார்க் ஒரு விசையே அல்ல. விசையை நியூட்டனில் அளக்கிறோம், டார்க்கை நியூட்டன் மீட்டரில். ஸ்பேனர் கைப்பிடியை போல்ட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளிப் பிடித்து 200 நியூட்டன் கொடுத்தால் 40 நி.மீ.; 40 செ.மீ. தள்ளிப் பிடித்தால் அதே 40 நி.மீ.க்கு 100 நியூட்டனே போதும். விசை பாதியாகியும் டார்க் மாறவில்லை. அப்படியிருக்க, பெயரிலேயே 'விசை' என்று வைத்தால் மாணவர் முதல் பாடத்திலேயே தடுமாறுவார். இரண்டாவது, 'திறன்' என்றால் நமக்கு வாட் கணக்கில் வருவது. கார் விவரப் பட்டியலில் திறனும் டார்க்கும் அடுத்தடுத்த வரியில் நிற்கும். அங்கே 'திறன்', 'திருப்புத்திறன்' என்று எழுதினால் ஒன்று மற்றொன்றின் வகை என்று தோன்றாதா?

நான் நினைத்த சொல் 'இறுக்களவு'. போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்பதுதானே பேச்சு? கருத்துச் சொல்லுங்கள்.

* * *

வணக்கம் அம்மா.

'விசை', 'திறன்' இரண்டையும் விலக்கியது சரி. 'இறுக்களவு' மட்டும் வேண்டாம். சொல் அழகாக இருக்கிறது, ஆனால் பொருள் தவறு. ஒர்க்ஷாப்பில் நடக்கும் பாதிக் கோளாறு அந்தத் தவறிலிருந்துதான் வருகிறது.

டார்க் ரெஞ்ச் (டார்க்கைக் காட்டும் ஸ்பேனர்; ஒரு வகை, வைத்த அளவு வந்ததும் 'டக்' என்று தட்டும்) இறுக்கத்தை அளப்பதில்லை. போல்ட்டைத் திருப்ப எவ்வளவு எதிர்ப்பு இருக்கிறது என்பதைத்தான் அளக்கிறது. நமக்கு உண்மையில் வேண்டியது போல்ட் நீண்டு, ஹெட்டையும் அதன் கீழுள்ள எஞ்சின் பிளாக்கையும் கவ்விப் பிடிக்கும் விசை. இரண்டுக்கும் நடுவே உராய்வு நிற்கிறது. நாம் கொடுக்கும் டார்க்கில் ஏறக்குறைய பாதி போல்ட் தலைக்கு அடியில் உராய்ந்தே தீர்ந்துவிடும். இன்னொரு 40 விழுக்காடு மரைக்குள் போய்விடும். போல்ட்டை நீட்ட மிஞ்சுவது பத்தில் ஒரு பங்குதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 10 மி.மீ. போல்ட், தலையில் 8.8 என்ற வலிமைத் தரம் பொறித்திருக்கிறது. அதன் மரைப் பகுதியின் பயன்படு குறுக்குப் பரப்பு 58 சதுர மி.மீ. அந்தத் தரத்துக்கு நிரந்தரமாக நீளாமல் தாங்கக்கூடிய தகைவு சதுர மி.மீ.க்கு 580 நியூட்டன். பெருக்கினால் 33.6 கிலோ நியூட்டன், அதுதான் எல்லை. வழக்கமாக அதில் முக்கால் பங்கு, அதாவது 25 கிலோ நியூட்டன், வரும்படி இறுக்குவார்கள். சூத்திரம் எளிது: டார்க் = டார்க் கெழு (உராய்வைப் பொறுத்து மாறும் எண்) × விட்டம் × கவ்வு விசை. உலர்ந்த மரைக்கு இந்தக் கெழு சுமார் 0.20. ஆகவே 0.20 × 0.010 மீ × 25,000 = 50 நி.மீ.

இப்போது அதே போல்ட்டில் எஞ்சின் ஆயில் தடவுங்கள். கெழு 0.15 அளவுக்கு இறங்கும். ரெஞ்சில் அதே 50 வைத்தால் கவ்வு விசை 33.3 கிலோ நியூட்டனுக்கு ஏறிவிடும். எல்லை 33.6 என்று மேலே பார்த்தோம். 'டக்' என்ற சத்தம் முன்பு வந்த அதே இடத்தில்தான் வரும், கைக்கும் வித்தியாசம் தெரியாது. உள்ளே போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடும் விளிம்பில் நிற்கும். துருப்பிடித்த மரையில் இதற்கு நேர் மாறு: உராய்வு கூடி, 50 காட்டியும் உள்ளே போதிய பிடிப்பு இருக்காது.

ரெஞ்சில் ஒரே எண், உள்ளே வெவ்வேறு இறுக்கம். அந்த எண்ணுக்கு 'இறுக்களவு' என்று பெயர் வைத்தால் மாணவர் அதை நம்பிவிடுவார். ரெஞ்சு முனையில் நடப்பதற்கு ஒரு சொல், போல்ட்டின் உள்ளே நடப்பதற்கு வேறு சொல் என்று பிரித்தே வைக்க வேண்டும்.

* * *

ஐயா சொன்னதற்கு மேல் ஒன்று: 'முறுக்கு', 'திருகு', 'திருப்பு' மூன்றையும் நாம் வீட்டில் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று பாருங்கள்.

ஈரத் துணியை முறுக்கிப் பிழிகிறோம். கயிறு முறுக்குகிறோம், மீசை முறுக்குகிறோம். இதில் எல்லாம் ஒரு முனை நிற்க, மறுமுனை சுற்றுகிறது, அல்லது இரு முனையும் எதிரெதிராகச் சுற்றுகின்றன. பொருளே உருமாறுகிறது. திருகுவது அப்படி இல்லை. குழாயைத் திருகுகிறோம், தோட்டின் திருகாணியைத் திருகுகிறோம். பொருள் தன் அச்சில் முழுதாகச் சுற்றுகிறது. ஸ்குரூ டிரைவருக்கு நம் ஊர்ப் பெயர் திருப்புளி. திருப்பும் உளி.

எஞ்சின் போல்ட்டில் இந்த வேறுபாடு கண் முன்னே நிற்கிறது. தலையைத் திருகுகிறோம். மரைக்குள் உராய்வு பிடித்துக்கொள்வதால் போல்ட்டின் தண்டு நனைந்த துணிபோல் கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கம் நமக்கு வேண்டாத சுமை. அது இருப்பதால்தான் நேராக இழுத்தால் தாங்கும் அளவை விடக் குறைவான இழுவையிலேயே, திருகும்போது போல்ட் அறுந்துவிடுகிறது. அப்படி அறுந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் முறிவுக்குப் பக்கத்தில் மரை சற்றே சரிந்து, கழுத்து ஒடுங்கியிருப்பது தெரியும்.

ஆகவே 'முறுக்கம்' என்பதைத் தண்டுக்குள் நடப்பதற்கு ஒதுக்குவோம். டார்க்குக்கு 'திருப்பு' அல்லது 'திருகு' வேரிலிருந்து எடுப்போம். 'முடுக்கு' என்ற நல்ல சொல்லும் புழக்கத்தில் உண்டு. 'நட்டை நல்லா முடுக்கு' என்று சொல்லக் கேட்கலாம். ஆனால் பாடநூலில் 'முடுக்கம்' வேக மாற்ற வீதத்துக்குப் போய்விட்டது. அதைத் தொட முடியாது.

என் முன்மொழிவு: இயற்பியல் அளவுக்குத் 'திருப்புமை'. கையேட்டில் போல்ட்டுக்கு நேரே அச்சாகும் எண்ணுக்குத் 'திருகளவு'. 'இந்த போல்ட்டுக்குத் திருகளவு என்ன?' என்று ஒரு மெக்கானிக் வாய்கூசாமல் கேட்கலாம்.

* * *

வணக்கம். இலங்கையிலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் பாடநூல்களில் 'விசைத் திருப்பம்' என்று படித்தோம். உங்கள் 'திறன்' எங்களுக்கு 'வலு'. உங்கள் 'முடுக்கம்' எங்களுக்கு 'ஆர்முடுகல்'. ஆகவே 'திருப்புத்திறன்' வாட் கணக்கோடு மயங்கும் என்ற சிக்கல் எங்களுக்கு இல்லை. என்றாலும் 'திருப்பு' என்ற வேர் இரு கரைக்கும் பொது என்பதால் 'திருப்புமை' எங்கள் பிள்ளைகளுக்கும் விளங்கும்.

'திருகளவு' பற்றி ஓர் ஐயம் இருக்கிறது. அதைக் கேட்பவர் 'எத்தனை பாகை திருக வேண்டும்' என்று விளங்கிக்கொள்ள இடமுண்டு. இப்போதுள்ள எஞ்சின்களில் இது சின்ன விஷயம் அல்ல. ஃபோக்ஸ்வேகனின் 1.9 லீட்டர் டீசல் எஞ்சினை எடுங்கள்: ஹெட் போல்ட்டை முதலில் 40 நி.மீ., பிறகு 60 நி.மீ., அதன்பின் 90 பாகை, மறுபடியும் 90 பாகை என்று நான்கு சுற்றாக இறுக்க வேண்டும். முதல் இரண்டும் டார்க், அடுத்த இரண்டும் கோணம். ஒரே சொல் இரண்டையும் குறித்தால் 90 நி.மீ. வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று எழும்புவார்கள்.

கோணத்துக்கு ஏன் மாறினார்கள் என்பதையும் கையேட்டில் ஒரு பத்தியாவது எழுதுங்கள். 1.5 மி.மீ. மரை இடைவெளி உள்ள போல்ட்டைக் கால் சுற்றுத் திருகினால் அது 0.375 மி.மீ. முன்னே போகத்தான் வேண்டும். மரையில் எண்ணெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தத் தூரம் மாறாது. தொடக்கச் சுற்றுகள் ஹெட்டையும் கேஸ்கெட்டையும் (நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) ஒட்ட வைக்க மட்டுமே. அதன் பிறகு நீட்சியைக் கோணமே தீர்மானிப்பதால் உராய்வின் ஆட்டம் பெரிதும் அடங்குகிறது. இப்படி இறுக்கும் போல்ட்டுகளில் பல, மீட்சி எல்லையைச் சற்றுத் தாண்டி நீளும்படி அமைக்கப்பட்டவை. கழற்றினால் பழைய நீளத்துக்குத் திரும்பாது. அப்படிப்பட்டதைத் திரும்பப் போடவே கூடாது. இதற்கு 'நீள் போல்ட்' என்று எழுதினால் நீளமான போல்ட் என்று ஆகிவிடும். 'ஒருமுறை போல்ட்' எப்படி?

* * *

'ஒருமுறை போல்ட்' அருமை. செய்ய வேண்டியதைப் பெயரே சொல்லிவிடுகிறது. அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

'திருகளவு' பற்றிய ஐயத்துக்கு என் பதில்: கோணத்தைக் 'திருகு கோணம்' என்றே எப்போதும் எழுதுவோம், திருகளவுக்குப் பின் நி.மீ. போடாமல் ஒரு வரியும் விடமாட்டோம். அலகைக் கட்டாயமாக்க இன்னொரு காரணமும் உண்டு. பழைய கையேடுகளில் கிலோகிராம் மீட்டர்; அமெரிக்கக் கையேடுகளில் அடி பவுண்டு. 1 கிலோகிராம் மீட்டர் 9.8 நி.மீ., 1 அடி பவுண்டு 1.36 நி.மீ. வாய்ப்பேச்சில் 'ஏழு கிலோ டார்க்' என்பார்கள். அது 69 நி.மீ. '70' என்று மட்டும் எழுதியிருந்து அது அடி பவுண்டாக இருந்தால் 95 நி.மீ. அலுமினிய ஹெட்டில் மரை அழிய இந்த ஒரு குழப்பமே போதும்.

ரெஞ்ச் பற்றி. 'டக்' என்று தட்டும் வகைக்குத் 'தட்டுத் திருகி' என்று வைக்கலாமா? அதன் பயன்பாட்டுக் குறிப்பில் இவை விடுபடக் கூடாது. முழு அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே அதை நம்ப முடியாது, 200 நி.மீ. ரெஞ்சை வைத்து 14 மி.மீ. ஸ்பார்க் பிளக்கை 25 நி.மீ.க்கு வைக்கப் பார்க்கக் கூடாது. சத்தம் வந்ததும் நிறுத்த வேண்டும். உறுதிக்காக இன்னும் இரண்டு தட்டுத் தட்டினால் அளவு கூடிவிடும். நின்று நின்று இழுக்காமல் ஒரே ஓட்டமாக இழுக்க வேண்டும், ஏனென்றால் நின்ற போல்ட்டை மறுபடி அசைக்கக் கூடுதல் டார்க் தேவைப்படும். போல்ட் நகராமலே ரெஞ்ச் தட்டிவிடும். போல்ட் கழற்ற அதை எடுக்கவே கூடாது. வேலை முடிந்ததும் அளவுகோலின் மிகக் கீழ்க் கோட்டுக்கு இறக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே சுருள்வில் தளரும். 5,000 முறை அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அப்போது அளவு சரிபார்க்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தர நியமம், 10 நி.மீ.க்கு மேல் பிழை 4 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: குறைவாக இறுக்கினால் போல்ட் பிழைத்துக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். தளர்ந்த போல்ட்தான் சீக்கிரம் அறுந்து போகிறது. சரியாக இறுகிய போல்ட், சிலிண்டரில் ஒவ்வொரு வெடிப்பின்போதும் சுமை ஏற்ற இறக்கத்தின் சிறு பங்கையே உணரும். தளர்ந்ததோ முழு ஆட்டத்தையும் வாங்கும். கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் தண்டு) போல்ட்டில் இது நடந்தால் ராடு பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

* * *

எல்லோருக்கும் நன்றி. 'இறுக்களவு' விலக்கிக்கொள்ளப்பட்டது. சொற்கள் நிற்கின்றனவா என்று பார்க்க ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

"போல்ட் துளைகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்க. அடி மூடிய துளையில் எண்ணெயோ நீரோ தங்கினால், போல்ட் இறங்கும்போது அது வெளியேற வழியின்றி பிளாக்கை விரிசலாக்கும். தட்டுத் திருகியும் பொய்யாகத் தட்டும். ஒருமுறை போல்ட் புதிதா என்று பார்க்கவும். எல்லாப் போல்ட்டையும் கையால் மரையில் ஏற்றிய பின், நடுவில் இருக்கும் இரண்டில் தொடங்கி, குறுக்கும் மறுக்குமாக வெளியே செல்க. முதல் சுற்று: திருகளவு 40 நி.மீ. இரண்டாம் சுற்று: திருகளவு 60 நி.மீ. மூன்றாம் சுற்று: திருகு கோணம் 90°. நான்காம் சுற்று: திருகு கோணம் 90°. ஒவ்வொரு சுற்றையும் எல்லாப் போல்ட்டிலும் முடித்த பிறகே அடுத்த சுற்று. கோணச் சுற்றுக்கு முன் ஒவ்வொரு தலையிலும் பெயின்ட் புள்ளி வைத்துக்கொள்ளவும். எது திரும்பியது, எது திரும்பவில்லை என்பது பார்த்தவுடன் தெரியும். கழற்றும்போது வெளி ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வருக."

* * *

அம்மா, பத்தி நன்றாக ஓடுகிறது. ஒரே ஒரு திருத்தம். 'திருகளவு 40 நி.மீ.' என்பது மரை உலர்ந்திருக்கும்போதா, எண்ணெய் இட்டபோதா என்று வரியிலேயே வர வேண்டும். மேலே போட்ட கணக்கில் 25 கிலோ நியூட்டன் 33 ஆனது அந்த ஒரு சொட்டு எண்ணெயால். 'உலர் திருகளவு', 'எண்ணெய்த் திருகளவு' என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள். எது பொருந்தும் என்பதை அந்தந்த எஞ்சினின் மூலக் கையேட்டைப் பார்த்து ஒவ்வொரு போல்ட்டுக்கும் நிரப்ப வேண்டும். மூலத்தில் சொல்லாத இடத்தைக் காலியாக விடுங்கள், ஊகித்து எழுத வேண்டாம்.