அம்மம்மாவின்ர வீட்டை விக்கலாமோ? முதுசம் எண்டு எதைச் சொல்றது?

கிணற்றடி (வெள்ளவத்தை):
போன கிழமை அம்மம்மாவின்ர மூண்டாம் ஆண்டுத் திவசம். பம்பலப்பிட்டிக் கோயிலிலை அர்ச்சனை செய்து, பிளட்டிலை பன்னிரண்டு பேருக்குச் சாப்பாடு. பாயாசம் குடிக்கிற நேரம் ரொறன்ரோவிலை இருந்து மாமா வீடியோவிலை வந்து, "உரும்பிராய் வீட்டுக்கு ஒரு ஆள் நல்ல விலை சொல்லுது, வித்துப் பங்கு பிரிப்பம்" எண்டார். அம்மா ஒண்டும் கதைக்கேல்லை. எழும்பிக் குசினிக்குள்ளை போயிட்டா.

உரும்பிராய் யாழ்ப்பாணத்திலை. எட்டுப் பரப்புக் காணி, அதாவது அரை ஏக்கர். நாற்சார் வீடு, ஒரு பக்கம் ஓடு இறங்கிக் கிடக்கு. கிணறு இருக்கு, துலா இல்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்கச் சண்டைக்குப் பயந்து வெளிக்கிட்டபோது அம்மம்மா காணி உறுதியையும் ஒரு பித்தளை மூக்குப்பேணியையும் சீலைத் துண்டிலை சுத்தி எடுத்துக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தவ. அடுத்த வருஷம் திரும்பி வந்து, கூரையில்லாத அறைக்குள்ளை தகரம் போட்டுச் சமைச்சவ. சாகும் வரைக்கும் கொழும்புக்கு வந்து இருக்க மாட்டன் எண்டுட்டா.

அந்தப் பேணி இப்ப எங்கட சாமியறையிலை இருக்கு. வாய் படாமல் அண்ணாந்து குடிக்கிற மாதிரி ஒரு மூக்கு, அடியிலை அவவின்ர அம்மாவின்ர பேரின்ர முதல் எழுத்து ஆணியாலை குத்தியிருக்கு. நான் கேக்கிறது இதுதான். வீடு போனால் எங்களுக்கு என்ன மிஞ்சும்? என்ர மகளுக்கு ஏழு வயது. "உங்கட ஊர் எது?" எண்டு யாரும் கேட்டால் கொழும்புக் காலி வீதியை விட அவளுக்குச் சொல்ல வேற என்ன இருக்கு?

தேடியதேட்டம் (தெஹிவளை):
உங்கட கவலை விளங்குது. ஆனால் நான் விக்கச் சொல்ற பக்கம்.

முதலிலை சொல்லைச் சரியாப் பிடிப்பம். முதுசம் எண்டது எங்கட ஆக்களுக்குச் சட்டச் சொல். 1707-ல் ஒல்லாந்தர் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின்ர வழமைச் சட்டமான தேசவழமையிலை முதுசம், சீதனம், தேடியதேட்டம் எண்டு மூண்டு வகைச் சொத்து. பெற்றோர் வழி உரிமையா வாறது முதுசம், மகள் கலியாணத்துக்குக் குடுக்கிறது சீதனம், கலியாணத்துக்குப் பிறகு சேர்த்தது தேடியதேட்டம். உங்கட அம்மம்மாவின்ர பேணியிலை அவவின்ர அம்மாவின்ர எழுத்து இருக்கு எண்டால் அந்த வீடும் பெரும்பாலும் தாய்வழிச் சீதனமா வந்ததாத்தான் இருக்கும். உறுதியை எடுத்துப் பாருங்கோ. மாமா பங்கு கேக்க முதல் உங்கட அம்மாவிட்டைக் கேட்டாரோ?

அது சட்டம். மனசுக்கு வாறன். அம்மம்மா அங்க தனிய இருந்த காலம் வருஷத்துக்கு எத்தனை தரம் போனனீங்கள்? 2014-ல் ரயில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப ஓடத் தொடங்கின பிறகு வழியும் இருந்தது. மனுசி இருக்கேக்கை போகாமல், கறையான் தின்னுற கூரை வளையைக் காப்பாத்தப் போறம் எண்டு சொல்றது எனக்கு வலிக்குது. கடுமையாச் சொன்னால் மன்னியுங்கோ.

என்ர அப்பப்பா அரசாங்கக் கிளாக்கர். 1956-ல் தனிச் சிங்களச் சட்டம் வந்த பிறகு சிங்களம் பாஸ் பண்ணினால்தான் உத்தியோகத்திலை மேல போகலாம் எண்ட நிலை. அவர் அந்தச் சோதனைக்கு இருக்கேல்லை, நேரத்தோட பென்ஷன் எடுத்திட்டார். இரத்மலானையிலை அவர் கட்டின வீடு 1983 ஆடிக் கலவரத்திலை எரிஞ்சது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமிலை இருந்து, பிறகு கப்பலிலை காங்கேசன்துறைக்கு. எங்களிட்டை அவற்றை ஒரு படம் கூட இல்லை. ஆனால் ஒவ்வொரு பின்னேரமும் ரயில் பாதையோரம் என்னைக் கூட்டிக்கொண்டு நடந்து, வீரகேசரியிலை அண்டைக்கு வந்த ஒரு செய்தியைச் சொல்லி, "நீ இதை நம்புறியோ, ஏன் நம்புறாய்?" எண்டு கேப்பார். நான் இண்டைக்கும் பேப்பர் படிக்கிறது அப்பிடித்தான். எனக்கு அவர் தந்தது அது. அதுக்கு வீடு தேவைப்படேல்லை.

கிணற்றடி:
> மனுசி இருக்கேக்கை போகாமல்

வருஷத்துக்கு ஒருக்கா, நல்லூர்த் திருவிழாவுக்கு. அது காணாது எண்டு எனக்குத் தெரியும். அதாலைதான் இந்த வீடாவது நிக்கட்டும் எண்டு கேக்கிறன். உங்கட வீட்டை எரிச்சவங்கள், நீங்கள் விக்கேல்லை. இரண்டும் ஒண்டில்லை.

கொட்டாஞ்சேனைக்காரி:
ரெண்டு பேரும் வீட்டப் பத்தியே பேசுறீங்க. எங்களுக்கு விக்கிறதுக்கும் ஒண்ணுமில்ல, வச்சிக்கிறதுக்கும் ஒண்ணுமில்ல.

எங்க தாத்தா ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துல பொறந்தவரு. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பரா. அது தோட்டத்துக்குச் சொந்தம், பேர் வெட்டினா வெளிய போகணும். 1948-ல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தப்ப அவரு எந்த நாட்டுக்காரரும் இல்லாம போனாரு. 1964-ல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்க குடியுரிமைன்னு தலைய எண்ணிப் பிரிச்சாங்க. பாட்டியோட கூடப் பொறந்த தங்கச்சிக்கு இந்தியான்னு வந்திருச்சு, பாட்டிக்கு இலங்கை. கோச்சி கிளம்புறப்ப ஸ்டேஷன் முழுக்க ஒப்பாரி, தலைமன்னார்ல கப்பல். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்கவே இல்ல. கடுதாசி மட்டும் கொஞ்ச நாள் வந்துச்சு.

இப்ப பாட்டியோட சாமான்னு எங்ககிட்ட இருக்கிறது கொழுந்துக் கூடையோட தலைக்கயிறு ஒண்ணு. நெத்தியில பட்ட இடம் மட்டும் வழுவழுன்னு கறுத்து இருக்கும். சின்னப் புள்ளையில நான் தொட்டுப் பாத்தா பாட்டி பிடுங்கி வச்சிருவாங்க, "இது உனக்கு வேணாம்"னு. அவங்க எங்களுக்குக் குடுக்க விரும்பாத ஒண்ண நான் பரம்பரைச் சொத்துன்னு கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கலாமா? இது எனக்கு நெசமாவே தெரியல. தாத்தா மாசி மாசம் காமன் கூத்துல ரதி வேஷம் கட்டுவாரு, அத மட்டும் வாயெல்லாம் பல்லாச் சொல்லுவாரு. 2023-ல் மலையக மக்கள் வந்து 200 வருஷம்னு தலைமன்னார்லருந்து மாத்தளைக்கு நடந்தாங்களே, அப்ப கடைசி நாள் நானும் போய் நடந்தேன். எங்களுக்கு ஊர்னு காட்ட அந்த ரோடுதான் இருக்கு.

விக்கிறதோ வைக்கிறதோ, உங்க கையில ஒரு உறுதிப் பத்திரம் இருக்குங்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு மட்டும் நெனச்சுப் பாருங்க.

சோனகதெரு:
கிணற்றடி, நான் உங்கட பக்கம். விக்காதீங்க.

நீங்க சொன்ன 1995 ஒக்டோபர் 30-க்கு அஞ்சு வருஷம் முந்தி, அதே திகதிதான் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினது. 1990 ஒக்டோபர் 30. இரண்டு மணித்தியாலம் தந்தது. என்ட மூத்தம்மா அடுப்பில அரிசி வச்சிருந்தவ. நெருப்பை அணைச்சு, சட்டியை மூடி வச்சிட்டு வந்தாவாம், பின்னேரம் திரும்பி வந்து வடிக்கலாம் எண்டு நினைச்சு. பிறகு புத்தளத்தில ஓலைக் குடிசையில கன வருஷம், இப்ப நாங்க மாளிகாவத்தையில. மவுத்தாகிற வரைக்கும் அந்தச் சட்டியைப் பத்திக் கதைப்பா.

2010-க்குப் பிறகு நானும் வாப்பாவும் போய்ப் பாத்தம். கூரையும் இல்ல, கதவும் இல்ல, உள்ளுக்கு ஆலமரம். வாப்பா அடுப்படி இருந்த இடத்தைக் காலால தடவிப் பாத்தாரு. சீமெந்து விளிம்பு தட்டுப்பட்டதும் அப்பிடியே குந்திட்டாரு. எனக்கு மூத்தம்மாட கதை அது வரைக்கும் கதைதான். அந்த விளிம்பைக் கண்ட பிறகுதான் அது நடந்த இடமாச்சு.

தேடியதேட்டம், நீங்க நடந்த ரயில் பாதை இன்னும் இருக்குது. நினைச்ச நேரம் போய் நிக்கலாம். அதால உங்களுக்கு இடம் வேணாம்போலத் தெரியுது. இல்லாம போய்ப் பாருங்க.

தேடியதேட்டம்:
இந்தக் கடைசி வரிக்கு என்னட்டைப் பதில் இல்லை. எழுத முதல் இரண்டு தரம் வாசிச்சன். ஓம், நான் இண்டைக்கும் அந்தப் பாதையோரம்தான் நடக்கிறன்.

ஆனால் ஒண்டு விடமாட்டன். வீட்டை வைச்சிருந்தால் எல்லாம் பத்திரம் எண்டு நினைச்சு மற்றதை எழுதாமல் விடுறம். அம்மம்மாவின்ர 31-ஆம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு எண்ட நினைவு மலர் அடிச்சிருப்பியள்தானே? அதை எடுத்துப் பாருங்கோ. அட்டையிலை படம், திதி வெண்பா, தேவாரம், பிறகு வம்சாவழி, பிள்ளைகளின்ர பட்டம், எந்த நாடு. அவ கூரையில்லாத அறைக்குள்ளை சமைச்சது அதிலை இருக்கோ? எங்கட வீட்டுக் கல்வெட்டிலை அப்பப்பா சோதனைக்கு இருக்காதது இல்லை. "அரச சேவையில் அரும்பணி" எண்டு ஒரு வரி, அவ்வளவுதான்.

2005-ல் தொடங்கின நூலகம் எண்ட எண்ணிம நூலகத்திலை இப்பிடியான நினைவு மலர்கள் நிறைய ஏத்தியிருக்கினம். அதிலை வம்சாவழியைத் தேடி எடுக்கலாம். ஆனால் அந்த மனுசர் எப்பிடிக் கதைச்சவை, எதுக்குப் பயந்தவை எண்டு மலரிலை போடாததை எந்த நூலகமும் ஏத்த ஏலாது. உங்கட அம்மா இருக்கிறா. போனிலை பதிவு பண்ணுங்கோ. பெரிய கேள்வி கேக்காதேங்கோ, "கிணத்தடியிலை என்ன நடக்கும்?" எண்டு மட்டும் கேளுங்கோ.

நிழல்மரம் (கல்கிசை):
இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த மூக்குப்பேணியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை.

என் அப்பப்பா உரும்பிராய்ப் பக்கத்து வளவுகளில் வேலி அடைப்பவர், தோட்டம் கொத்துபவர். அவருக்குத் தேத்தண்ணீர் மூக்குப்பேணியில் தருவதில்லை. சிரட்டையில். குடித்த சிரட்டையை அவரே கழுவி வேலிக் கதியாலில் கவிழ்த்து வைக்க வேண்டும். கிணற்றில் அவர் கை படக் கூடாது, யாராவது அள்ளி உயரத்திலிருந்து ஊற்ற, குனிந்து கையை ஏந்திக் குடிக்க வேண்டும். 1957-ல் சாதியால் ஒதுக்குவதைத் தடுக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது, சிரட்டை போகவில்லை. 1968-ல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே விடச் சொல்லி இருந்தவர்களோடு அவரும் போய் இருந்தார். அடி வாங்கித் திரும்பி வந்ததை அப்பா சொல்லியிருக்கிறார்.

எங்களுக்கும் கல்வெட்டு உண்டு. மாவிட்டபுரம் அதில் இல்லை. போடச் சொல்லி நான் கேட்டேன், "இப்ப ஏன் அதெல்லாம்" என்று பெரியவர்களே வேண்டாம் என்றார்கள். கிணற்றடி, உங்கள் அம்மம்மாவைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர் நடந்ததும் திரும்பி வந்து சமைத்ததும் பெரிய காரியம். ஆனால் அந்த வீட்டை வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் வேலியையும் சேர்த்து வைத்திருங்கள். உங்கள் மகளுக்குப் பேணியைக் காட்டும்போது சிரட்டையையும் சொல்லுங்கள்.

கிணற்றடி:
அம்மம்மா அப்பிடியான ஆள் இல்லை. வந்த எல்லாருக்கும் சாப்பாடு குடுத்து அனுப்பினவ. தயவுசெய்து தெரியாத ஒருவரைப் பற்றி எழுதாதேங்கோ.

நிழல்மரம்:
சாப்பாடு கொடுத்திருப்பார். எங்கே இருத்தி, எதில் கொடுத்தார் என்று அம்மாவிடம் கேளுங்கள். அவர் இல்லை என்று சொன்னால் நான் எழுதியதை எடுத்துவிடுகிறேன்.

கொட்டாஞ்சேனைக்காரி:
கேளுங்க அண்ணே. கேக்காம விட்டா அது உங்களுக்குத்தான் உறுத்தும். எங்க பாட்டிகிட்ட தங்கச்சியோட கடைசிக் கடுதாசியில என்ன இருந்துச்சுன்னு நான் கேக்காம விட்டேன். இப்ப யாருகிட்ட கேக்கிறது?

கிணற்றடி:
நாலு நாளாப் பதில் எழுதேல்லை. நேற்று இரவு அம்மாவிட்டைக் கேட்டன்.

முதலிலை "அந்தக் காலத்திலை எல்லாரும் அப்பிடித்தான்" எண்டா. பிறகு கன நேரம் சும்மா இருந்தா. பிறகு தானாச் சொன்னா. இரண்டு சிரட்டை, கிணத்தடிக்குப் பின்னாலை வேலியிலை. அம்மாவுக்குப் பத்து வயதிலை ஒருநாள், வேலி அடைக்க வந்த மனிசன் வெயிலிலை களைச்சுப் போய் நிக்க, அம்மா ஓடிப்போய் மூக்குப்பேணியிலை தண்ணி கொண்டுபோய்க் குடுத்திருக்கிறா. அவர் வாங்கேல்லை. "வேண்டாம் பிள்ளை, உனக்குத்தான் அடி விழும்" எண்டு சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன மாதிரியே விழுந்தது. அம்மம்மா அடிச்சுப்போட்டு, அந்தப் பேணியைப் புளி போட்டு மூண்டு தரம் மினுக்கினவவாம்.

நாங்கள் சாமியறையிலை வைச்சிருக்கிறது அந்தப் பேணிதான்.

அம்மா இன்னொண்டும் சொன்னா. 1995-ல் நாவற்குழிப் பாலத்துக்கு அங்காலை மழையிலை நனைஞ்சுகொண்டு நிக்கேக்கை, ஆரோ ஒருத்தர் ரின் பேணியிலை தண்ணி நீட்ட, அம்மம்மா ஆர் எவர் எண்டு கேளாமல் வாய் வைச்சுக் குடிச்சவவாம். பிறகு ஒருநாளும் அதைப் பற்றிக் கதைக்கேல்லை.

நிழல்மரம், நான் கோவத்திலை எழுதினதுக்கு மன்னிப்புக் கேக்கிறன். எடுக்க வேண்டாம், இருக்கட்டும். வீட்டு விஷயம் இன்னும் முடியேல்லை. உறுதியைப் பாத்தன், தேடியதேட்டம் சொன்னது சரி, அது பூட்டியின்ர சீதனம். அம்மா இப்போதைக்குக் கையெழுத்து வைக்க மாட்டன் எண்டுட்டா. மாமாவும் கோவத்திலை இருக்கிறார். இது எல்லாத்தையும் மகளுக்காக ஒரு கொப்பியிலை எழுதத் தொடங்கியிருக்கிறன்.

நிழல்மரம்:
நன்றி. எனக்கு ஒரு வேண்டுகோள் மட்டும். அந்த மனிதரைக் கொப்பியில் "வேலி அடைக்க வந்தவர்" என்று போடாதீர்கள். பெயரை எழுதுங்கள்.

கிணற்றடி:
இப்பதான் அம்மாவை எழுப்பிக் கேட்டன். அம்மாவுக்குத் தெரியேல்லை. வருஷா வருஷம் எங்கட வளவுக்கு வந்துபோன மனிசன். சுன்னாகத்திலை பெரியம்மா இருக்கிறா, எண்பத்தி நாலு வயது, நினைவு நல்லா இருக்கு. விடியப் போன் எடுக்கிறன்.