கேம் பாய் கலரில் மாரியோ: சிறுவயதில் ஆடியதைவிடக் கடினமாக இருப்பது ஏன்?

கேள்வி: உவர்மலையான்

அனைவருக்கும் வணக்கம். 1990களின் நடுப்பகுதியில் திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டில் ஒரு ரீவி கேம் இருந்தது. பெயரில்லாத நகல் கருவி அது. மஞ்சள் நிறக் கசற்றை மேலே செருகி ஆட வேண்டும். அண்ணாவும் நானும் அதில் அதிகமாக ஆடியது சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஆட்டத்தைத்தான். ஆட்டத்தைச் சேமிக்கும் வசதி அதில் கிடையாது என்பதால், மின்சாரம் தடைப்பட்டால், எந்த உலகத்தில் நின்றிருந்தாலும் 1-1 இற்கே, அதாவது முதலாம் உலகத்தின் முதற் கட்டத்திற்கே, திரும்ப வேண்டும். அப்படியிருந்தும் 8-4 வரை சென்று இளவரசியைப் பல தடவைகள் மீட்டிருக்கிறோம்.

கனடாவிலிருந்து வந்திருந்த சித்தப்பாவின் மகன், தான் சிறுவனாக இருந்தபோது பயன்படுத்திய கேம் பாய் கலர் என்ற கையடக்க ஆட்டக் கருவியையும், 1999 இல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் டீலக்ஸ் கசற்றையும் என் மகளுக்குக் கொடுத்துவிட்டுச் சென்றார். அதே ஆட்டத்தின் கையடக்க மறுவடிவம் என்பதால் மகளுக்கு ஆடிக் காட்டுவோம் என்று ஆசையோடு கையில் எடுத்தேன். ஆனால் 1-3 இல் மர உச்சிகளிலிருந்து கீழே தாவும்போது கால் வைக்கும் இடம் தெரியாமல் மூன்று தடவைகள் விழுந்தேன். 5-1 இல் பீரங்கிக் குண்டுகள் திரையில் தோன்றிய கணத்திலேயே என் மேல் மோதிவிடுகின்றன. மாரியோ ஓடும் வேகமும் நான் அறிந்திருந்த வேகமாக இல்லை. யாரோ பின்னாலிருந்து துரத்துவதுபோல் இருக்கிறது.

என் கேள்வி இதுதான். மறுவடிவத்தில் ஆட்டத்தை வேண்டுமென்றே கடினமாக்கியிருக்கிறார்களா, அல்லது வயதினால் என் கைவேகம் குறைந்துவிட்டதா? இன்னொன்றும் உண்டு. கருவியை அணைத்துவிட்டு மறுநாள் போட்டால், சேமித்தவை அனைத்தும் அழிந்துபோயிருக்கின்றன. அதற்கும் வழி இருந்தால் சொல்லுங்கள்.

பதில் 1: தம்பலகாமம் ஆசிரியர்

தம்பி, உங்கள் கைமேல் பழி போடுவதற்கு முன் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். உங்கள் நினைவு சரியானது என்றே நான் எண்ணுகிறேன்.

முதலாவது காரணம் திரை. 1985 இல் வெளிவந்த மூல ஆட்டம் 256 × 240 புள்ளிகள் கொண்ட படத்திற்காக வரையப்பட்டது. கேம் பாய் கலரின் திரையில் இருப்பவை 160 × 144 புள்ளிகள் மட்டுமே. இந்த ஆட்டத்தின் உலகம் 16 × 16 புள்ளிக் கட்டங்களால் ஆனது. ஆகவே தொலைக்காட்சியில் நீங்கள் ஒரே நேரத்தில் 16 கட்ட அகலத்தையும் 15 கட்ட உயரத்தையும் கண்டீர்கள். இப்போது காண்பது 10 கட்ட அகலமும் 9 கட்ட உயரமும்தான். மாரியோவையும் கட்டங்களையும் சிறிதாக்காமல், மூலத்தில் இருந்த அளவிலேயே வைத்துக்கொண்டு, பார்க்கும் சாளரத்தை மட்டும் சுருக்கியிருக்கிறார்கள். பெருக்கிப் பார்த்தால் நீங்கள் காணும் பரப்பு பழையதில் எட்டில் மூன்று பங்குதான். 1-3 இல் கீழ் மரம் தெரியாமல் போவதற்கு இதுவே காரணம். மூலத்தில் அது எப்போதும் கண்முன் இருந்தது. இதில் திரையின் கீழ் விளிம்பிற்கு வெளியே போய்விடுகிறது.

இரண்டாவது காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதும் இதுதான். இலங்கைத் தொலைக்காட்சி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் இயங்குவது. அதாவது நொடிக்கு 50 தடவைகள் படம் புதுப்பிக்கப்படும். மாரியோ ஆட்டமோ நொடிக்கு 60 தடவைகள் புதுப்பிக்கும் சப்பானிய, அமெரிக்கத் தொலைக்காட்சிகளுக்காக எழுதப்பட்டது. ஒவ்வொரு படத்திற்கும் மாரியோ எத்தனை புள்ளி நகர வேண்டும் என்றுதான் அதில் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆட்டத்தை ஆக்கிய நின்டெண்டோ நிறுவனம் பால் நாடுகளுக்கென வெளியிட்ட பதிப்பில் இந்த வேறுபாட்டைச் சரிசெய்ய முயன்றது. ஆனால் பால் தொலைக்காட்சிக்கென அமைக்கப்பட்ட நகல் கருவிகள், 60 இற்கு எழுதப்பட்ட அதே ஆட்டத்தை 50 இல் ஓட்டின. அப்போது ஆட்டம் முழுவதும் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் நடக்கும். உங்கள் வீட்டுக் கருவி அந்த வகையாக இருந்திருந்தால், நீங்கள் கற்றுத் தேர்ந்தது ஒரு மெதுவான மாரியோவை. கேம் பாய் நொடிக்கு ஏறத்தாழ 60 படங்களைக் காட்டுவது. ஆகவே உங்கள் கையில் இப்போது ஓடுவதுதான் ஆட்டத்தை ஆக்கியவர்கள் எண்ணியிருந்த வேகம்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். முழு ஓட்டத்தில் மாரியோ ஒரு படத்திற்கு இரண்டரைப் புள்ளி நகர்கிறான். 60 இல் அது நொடிக்கு 150 புள்ளி, 50 இல் 125 புள்ளி. அவன் திரையின் நடுவில் இருப்பதாக வைத்துக்கொண்டால், பழைய கருவியில் அவனுக்கு முன்னே 128 புள்ளி தெரிந்திருக்கும். வலது ஓரத்தில் தோன்றும் ஒரு பள்ளத்தை எட்ட ஒரு நொடிக்குச் சற்று மேல் எடுத்திருக்கும். கையடக்கத்தில் முன்னே தெரிவது 80 புள்ளி. எட்டுவதற்கு அரை நொடிக்குச் சற்றே கூடுதலாகத்தான் கிடைக்கிறது. எதிரே வரும் குண்டு என்றால் அதைவிடவும் குறைவு. முடிவெடுக்க உங்களுக்கு இருந்த அவகாசம் பாதியாகிவிட்டது, தம்பி. எந்த வயதினரும் தடுமாறுவர்.

பழைய ரீவி கேம் இன்னும் அலுமாரியில் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். திரையின் மேலே குறைந்துகொண்டு வரும் நேர எண், 24 படங்களுக்கு ஒரு தடவை ஒன்று குறைகிறது. 400 இலிருந்து 300 வரை இறங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கடிகாரத்தை வைத்து அளந்து பாருங்கள். 40 நொடி என்றால் நான் சொன்னது பிழை. 48 நொடி என்றால் உங்கள் கருவி 50 இல் ஓடியது.

சேமிப்பு அழிவதற்குக் காரணம் கசற்றின் உள்ளே இருக்கும் காசு வடிவ லித்தியம் பற்றரி தீர்ந்துபோயிருப்பது. கருவிக்குப் போடும் இரண்டு பற்றரிகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அது ஈயப்பற்று வைத்துப் பொருத்தப்பட்டது. ஆகவே ஈயப்பற்று வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, தகடு ஒட்டிய அதே வகைப் பற்றரியைப் போட வேண்டும். அதைச் செல்லோரேப்பினால் ஒட்டித் தரும் கடைகள் உண்டு. எனக்கு ஒரு கடையில் அப்படித்தான் ஒட்டித் தந்தார்கள், இரண்டு வாரத்தில் தொடுப்பு விட்டுப்போனது.

பதில் 2: மூதூர்ப் படகு

நான் இந்த ஆட்டத்தை 2003 ஆம் ஆண்டளவில், மூதூரிலிருந்து திருகோணமலைக்கு வகுப்பிற்குப் போகும்போது படகில் இருந்து ஆடியவள். கேம் பாய் கலரின் திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது. வீட்டுக்குள் மின்குமிழின் அடியில் பிடித்தாலும் மங்கலாகவே தெரியும். படகின் மேல்தட்டில் வெயில் படும்படி சரித்துப் பிடித்தால் மட்டும் நிறங்கள் தெளிவாக எழுந்து வரும். ஆகவே உவர்மலை அண்ணா, இரவில் ஆடிப் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். காலை வெயிலில் விறாந்தையில் இருந்து ஒரு தடவை ஆடிப் பாருங்கள்.

பழைய பாதையை விரைவாக ஓடி முடிக்க முனைந்தால் இந்தச் சிறிய திரை தண்டனையாகவே இருக்கும். நான் இந்தக் கசற்றை விரும்பியது அதற்காக அல்ல. இதில் சவால் முறை என்று தனியாக ஒன்று உண்டு. அங்கே ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்து சிவப்பு நாணயங்களைச் சேர்க்க வேண்டும், ஒளித்து வைக்கப்பட்ட யோஷி (மாரியோவின் டைனோசர் தோழன்) முட்டை ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும், குறித்த அளவு புள்ளியையும் எடுக்க வேண்டும். நாம் ஓடிக் கடந்துவிட்ட மூலைகளுக்குள் மெதுவாகப் போய்த் தேட வைக்கும் முறை அது. தேடுகிறவருக்குத் திரை சிறிதாக இருப்பது ஒரு குறையாகவே தோன்றுவதில்லை. முட்டை எந்தக் கட்டைக்குள் இருக்கிறது என்று தட்டிப் பார்ப்பதில் ஒரு கடல் பயணம் முடிந்துவிடும்.

இன்னொன்று. நிற்கும்போது மேல் அல்லது கீழ்ப் பொத்தானை அழுத்தினால் பார்வை மேலேயோ கீழேயோ நகரும். 1-3 இல் தாவுவதற்கு முன் ஒரு கணம் நின்று கீழே பார்த்துவிட்டுத் தாவுங்கள்.

பதில் 3: நிலாவெளிக் காற்று

ஆசிரியர் ஐயாவின் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கணக்கே மறுவடிவத்திற்கு எதிரான சாட்சியாகவும் இருக்கிறது என்பது என் கருத்து. ஓடித் தாவும் ஆட்டத்தின் உயிரே வரப்போவதை முன்கூட்டிக் காண்பதில் இருக்கிறது. அதைப் பாதியாக வெட்டிவிட்டு, வரைபடம், சவால் முறை, போட்டி ஓட்டம் என்று எத்தனை சேர்த்தாலும் இழந்தது இழந்ததுதான். 2004 இல் கேம் பாய் அட்வான்ஸ் கருவிக்கு இதே ஆட்டத்தை மறுபடி வெளியிட்டபோது, பெரிதாக வெட்டாமல், படத்தை உயரத்தில் நசுக்கி 240 × 160 திரைக்குள் கொண்டுவந்தார்கள். அதில் மாரியோ சற்றுக் குள்ளமாகத் தெரிவான். ஆனால் பள்ளமும் மேடும் எதிரியும் ஒருசேரக் கண்ணுக்குத் தெரியும். ஆடுவதற்கு மட்டும் என்றால் அதையே நான் தெரிவு செய்வேன்.

பதில் 4: தம்பலகாமம் ஆசிரியர்

நிலாவெளித் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது; முதன்முதலாக இந்த ஆட்டத்தைத் தொடுகிற பிள்ளைக்கு நானும் டீலக்ஸைக் கொடுக்க மாட்டேன். ஆனால் 2004 பதிப்பில் இருப்பது மூல ஆட்டம் மட்டுமே. டீலக்ஸில் 3,00,000 புள்ளி எடுத்தால், 1986 இல் சப்பானில் மட்டும் வெளிவந்த இரண்டாம் பாகமும் திறக்கும். அது முழுமையானது அல்ல: காற்று வீசும் இடங்களில் காற்று இல்லை, 9 ஆம் உலகமும் அதற்குப் பின்னர் வரும், A முதல் D வரை எழுத்துகளால் பெயரிட்ட உலகங்களும் இல்லை. இருந்தாலும் அந்தக் கடினமான தாவல்களை, தோற்ற இடத்துக்கு அருகிலிருந்தே சேமித்துச் சேமித்து ஆடலாம் என்பது, மின்சாரத் தடையோடு மல்லாடிய எங்கள் தலைமுறைக்குச் சிறிய விடயம் அல்ல.

பதில் 5: உவர்மலையான்

ஐயாவுக்கும் மற்ற இருவருக்கும் மிக்க நன்றி. அம்மா ரீவி கேமை எறியாமல், பழைய சேலை ஒன்றில் சுற்றி அலுமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தார். பக்கத்து வீட்டில் இருந்த பெட்டித் தொலைக்காட்சியில் பொருத்தி, கைத்தொலைபேசியில் நேரத்தை ஓடவிட்டு அளந்தோம். 400 இலிருந்து 300 இற்கு இறங்க 48 நொடி எடுத்தது. மகளை அளக்கச் சொல்லி மறுபடியும் பார்த்தேன், மறுபடியும் 48.

கசற்றின் பற்றரியை ஈயப்பற்று வைத்து மாற்றியாகிவிட்டது. சேமித்தவை இரண்டு நாட்களாக அப்படியே இருக்கின்றன. காலையில் விறாந்தையில் இருந்து, கீழே பார்த்துத் தாவும் முறையில் 1-3 ஐக் கடந்தேன். 1-2 இல் நான் தவறவிட்ட இரண்டு சிவப்பு நாணயங்களை மகள் கண்டுபிடித்தாள்.

நேற்றிரவு இலண்டனில் இருக்கும் அண்ணாவிடம் இதைத் தொலைபேசியில் சொன்னேன். வேகம் குறைந்திருந்தால் இசையும் மெதுவாகத்தானே கேட்டிருக்கும் என்று கேட்டுவிட்டு, 1-1 இன் இசையை அவர் முழுவதும் முணுமுணுத்தார். மகள் அதே நேரத்தில் கேம் பாயில் அந்தக் கட்டத்தைத் தொடங்கினாள். இரண்டும் சேர்ந்தே தொடங்கின. கருவி முடித்த பின்னரும் அண்ணாவிடம் கடைசி வரி மீதமிருந்தது.