7-வது வாரம், பழுப்பாகப் படுகிறது. படுத்தே கிடக்க வேண்டுமா?

கண்டனூர் மருமகள்:
காலையிலிருந்து உள்ளாடையில் காப்பிப்பொடி நிறத்தில் திட்டுத்திட்டாகப் படுகிறது. கடைசி பீரியட்ஸ் தேதியிலிருந்து எண்ணினால் 7-வது வாரம். முதல் பிள்ளை. பெரிதாக வலி இல்லை, அடிவயிறு லேசாக இழுக்கிறது. வீட்டுக்காரர் சிங்கப்பூரில். எங்கள் வீட்டில் முகப்பிலிருந்து அடுப்படிக்குப் போவதே ஒரு நடைதான். அதில் அலைந்ததுதான் காரணம், போதாததற்குப் பப்பாளி வேறு என்கிறார் அயித்தை. நாளைக் காலை காரைக்குடியில் ஸ்கேன். அதுவரை எழுந்திருக்கவே கூடாதா?

தேவகோட்டை நர்ஸம்மா:
ஆத்தா, நடந்ததால் கரு கலையாது. படுத்தே கிடந்தால் நின்றுவிடும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. குடம் தூக்காதே, போதும். இரண்டு பழுத்த துண்டு பப்பாளியை நினைத்தும் உருகாதே. முதல் 3 மாதத்தில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இப்படிப் படும், அதில் பாதிக்கு மேல் நல்லபடியாகவே பெற்றெடுக்கிறார்கள். பழுப்பு என்றால் பழைய ரத்தம்.

துணி வைக்காதே, நாப்கின் வை. அப்போதுதான் எவ்வளவு போகிறதென்று தெரியும். மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, ஒரு பக்கமாகக் குத்தி வலித்தாலோ, தோள்பட்டை வலித்தாலோ, கண் இருட்டினாலோ விடியட்டும் என்று இருக்காதே, 108-ஐக் கூப்பிடு. கரு கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கினாலும் தொடக்கத்தில் இப்படித்தான் லேசாகப் படும். உன் ரத்த வகை என்ன?

பள்ளத்தூர்க்காரி:
எனக்கும் இப்படித்தான். கருப்பைக்குள் கருவை ஒட்டி ரத்தம் கட்டியிருப்பதாக ஸ்கேனில் சொன்னார்கள், தானாகவே கரைந்தது. பெண் இப்போது எல்கேஜி. ஒன்று மட்டும், யாரோ சொன்னார்கள் என்று புரோஜெஸ்ட்ரோன் (கரு தங்க உதவும் ஹார்மோன்) மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். முன்பு கலைந்தவர்களுக்குத்தான் அதில் பலன்.

கண்டனூர் மருமகள்:
நான் ஓ நெகட்டிவ், அவர் பி பாசிட்டிவ்.

தேவகோட்டை நர்ஸம்மா:
டாக்டரிடம் முதலில் அதைச் சொல். நெகட்டிவ் தாயின் உடம்பு பாசிட்டிவ் பிள்ளையின் ரத்தத்தை எதிர்க்காமல் இருக்கப் போடுவது ஆன்டி-டி ஊசி. 12 வாரத்துக்குள் லேசாகப் பட்டால் அதை எல்லாருக்கும் போடுவதில்லை. ஆனால் வேண்டுமா என்று அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கண்டனூர் மருமகள்:
போய் வந்தேன். கரு கருப்பைக்குள்தான், துடிப்பும் தெரிந்தது! ஊசி இப்போதைக்கு வேண்டாமாம், 2 வாரம் கழித்து மறுபடி ஸ்கேன். இன்னும் துளித்துளியாகப் படுகிறது. வியாழக்கிழமை பெரியப்பா வீட்டில் அறுபதாம் கல்யாணம், போகலாமா ஆச்சி?

தேவகோட்டை நர்ஸம்மா:
டாக்டர் தடுக்கவில்லையென்றால் போ. பந்தியில் உட்கார்ந்து சாப்பிடு, பரிமாற நிற்காதே. நாப்கினைப் பையில் வைத்துக்கொள்.