குடல்வால் தெரியவில்லையாம்

குழு: பாட்டி வீடு

அம்மா (காலை 6:40): தம்பிக்கு ராத்திரியிலிருந்து வயிற்றுவலி. முதலில் தொப்புளைச் சுற்றி என்றான். இப்போது வலப்பக்கம் கீழே கை வைத்தாலே கத்துகிறான். இரண்டு தடவை வாந்தி.

பெரியம்மா: சூட்டு வலியாக இருக்கும். விளக்கெண்ணெய் ஒரு ஸ்பூன் கொடு, வயிறு சுத்தமாகிவிடும்.

சித்தி: ஐயோ பெரியக்கா, வேண்டவே வேண்டாம்! குடல்வால், அதான் அப்பெண்டிக்ஸ், வீங்கியிருந்தால் பேதி மருந்தில் வெடித்துவிடக்கூடும். அக்கா, தண்ணீர்கூடக் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.

மாமா: நேராக சிடி ஸ்கேன் எடுத்துவிடலாமே? பணம் நான் போடுகிறேன்.

சித்தி: ஒல்லிப் பையனுக்கு முதலில் அல்ட்ராசவுண்டுதான். கதிர்வீச்சு கிடையாது, நன்றாகவும் தெரியும். உன் தொப்பைக்குத்தான் சிடி 😄

அம்மா (9:15): ஸ்கேன் எடுத்தாயிற்று. வலிக்கிற இடத்திலேயே வைத்து அழுத்து அழுத்தென்று அழுத்தினார்கள். தம்பி என் விரலை நசுக்கிவிட்டான்.

சித்தி: அழுத்தினால்தான் குடலில் இருக்கும் காற்று ஒதுங்கும். நல்ல குடல்வால் சப்பையாகிவிடும், வீங்கியது அமுங்காது. 1986-ல் பாய்லார்ட் என்ற நெதர்லாந்து டாக்டர் எழுதிய முறை. ஸ்கேன் எடுக்கும் நாங்கள் இன்றைக்கும் அதைத்தான் செய்கிறோம்.

அம்மா: ரிப்போர்ட்டில் 'குடல்வால் தெரியவில்லை, லேசாக நீர்' என்று இருக்கிறது.

பெரியம்மா: முருகா! அப்போ ஒன்றும் இல்லை. வந்துவிடுங்கள், ரசம் வைக்கிறேன்.

சித்தி: 'தெரியவில்லை' வேறு, 'நன்றாக இருக்கிறது' வேறு, பெரியக்கா. சிலருக்குப் பெருங்குடலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அக்கா, வெள்ளணு எவ்வளவு?

அம்மா: 17,000

சித்தி: அது அதிகம். அங்கேயே இரு. சர்ஜன் தொட்டுப் பார்க்கட்டும். மத்தியானம் இன்னொரு ஸ்கேன் கேள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் சில நேரம் அகப்படும்.

அம்மா (2:05): அகப்பட்டுவிட்டது! 9 மில்லிமீட்டராம். உள்ளே கல் வேறு.

மாமா: 9 அதிகமா?

சித்தி: 6-ஐத் தாண்டினாலே சந்தேகப்படுவோம். அமுங்கவும் இல்லையா?

அம்மா: கொஞ்சமும் இல்லையாம். 4 மணிக்கு ஆபரேஷன். அந்தக் கல்லை வீட்டுக்குக் கொண்டுவரலாமா என்று தம்பி கேட்கிறான்.

சித்தி: அது கல் இல்லை, இறுகிப்போன ஆய் என்று சொல்.

பெரியம்மா: சீச்சீ! ரசத்தை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன்.