போஸ்ட்பெய்டோடு இலவசமாகக் கொடுத்த ஃபைபருக்கு இப்போது பணம் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

ஸ்ரீரங்கம் டீச்சர்

வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று மொபைல் எண்களுக்கும் சேர்த்து ஒரு ஃபேமிலி போஸ்ட்பெய்டு பிளான். மாதம் 1,199 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அதற்கு முன் மூன்று பேரும் வேறு நிறுவனத்தில் ப்ரீபெய்டில் இருந்தோம். செலவும் இதைவிடக் குறைவுதான். வீட்டுக்கு வந்த விற்பனைப் பையன், "இந்தப் பிளானுக்கு மாறினால் 40 எம்பிபிஎஸ் ஃபைபர் இலவசம் மேடம், லேண்ட்லைன் நம்பரும் உண்டு, பிளான் இருக்கிறவரைக்கும் அதுவும் இருக்கும்" என்று சொன்னதால்தான் மாறினோம். மாறி நான்கு மாதம்கூட ஆகவில்லை.

போன வாரம் ஒரு எஸ்எம்எஸ் வந்தது. அடுத்த பில்லிலிருந்து ஃபைபருக்கு மாதம் 499 ரூபாயாம், வரி தனியாம். வேண்டாமென்றால் இணைப்பை ரத்து செய்துகொள்ளலாமாம். வரி சேர்த்தால் 588 ரூபாய் 82 காசு. மொபைல் பிளானின் 1,199 மட்டும் ஒரு பைசா குறையவில்லை.

நான் தினமும் சாயங்காலம் ஆன்லைனில் பத்தாம் வகுப்புக் கணக்கு எடுக்கிறேன். பிள்ளைகளின் பெற்றோர் கூப்பிடுவது அந்த லேண்ட்லைன் எண்ணுக்குத்தான், நோட்டீஸிலும் அதைத்தான் அச்சடித்திருக்கிறேன். அதனால் கோபத்தில் உடனே துண்டிக்கவும் முடியாது. கஸ்டமர் கேரில் கேட்டால், "அது ப்ரமோஷன் ஆஃபர், எப்போது வேண்டுமானாலும் நிறுத்த கம்பெனிக்கு உரிமை இருக்கு" என்று எழுதி வைத்ததைப் படிப்பதுபோல் ஒரே பதில்.

அவர்கள் இப்படிச் செய்ய முடியுமா? அந்த 588 ரூபாயை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு மீதியைக் கட்டலாமா? இல்லை, மூன்று எண்களையும் வேறு இடத்துக்கு மாற்றிவிடலாமா?

மலைக்கோட்டை

யோசிக்கவே வேண்டாம் மேடம். சேர்ந்து 90 நாள் தாண்டிவிட்டது இல்லையா, எண் மாறாமலே நிறுவனம் மாறலாம். PORT என்று அடித்து எண்ணைச் சேர்த்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். பதிலாக வரும் குறியீட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனால் மூன்று வேலை நாளில் மாறிவிடும். இவர்களிடம் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள்.

தஞ்சை நுகர்வோர்

மேடம், கொஞ்சம் பொறுங்கள். போர்ட் செய்வது கடைசியில் இருக்கட்டும். நான் ஒரு நுகர்வோர் அமைப்பில் பல வருடமாக இந்த மாதிரிப் புகார்களைப் பார்த்து வருகிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த 588 ரூபாய். பில் வந்து கடைசித் தேதி தாண்டியும் பாக்கி நின்றால் போஸ்ட்பெய்டு எண்ணைப் போர்ட் செய்ய முடியாது, விண்ணப்பத்தை நிராகரித்துவிடுவார்கள். சிறிய தொகை என்று விட்டாலும், அதையே காட்டி மொபைலையும் நிறுத்த இடம் கொடுத்ததாகிவிடும். எனவே கட்டுங்கள். ஆனால், "இந்தத் தொகையை ஏற்காமல், என் உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்தோடு கட்டுகிறேன்" என்று கட்டுவதற்கு முன்பே மெயில் அனுப்பிவிடுங்கள். ஆட்டோபே போட்டிருந்தால் முதல் வேலையாக அதை நிறுத்துங்கள். யுபிஐ ஆட்டோபே என்றால் உங்கள் யுபிஐ ஆப்பிலேயே ரத்து செய்யலாம், நிறுவனத்தின் சம்மதம் தேவையில்லை. தானாகப் போகும் பணத்துக்கு ஆட்சேபம் சொன்னதாகக் காட்டுவது கஷ்டம்.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006 மார்ச்சில் தன் கட்டண ஆணையில் 43-வது திருத்தம் கொண்டுவந்தது. அதன்படி ஒரு வாடிக்கையாளர் ஒரு பிளானில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதத்துக்கு அந்தப் பிளானின் எந்தக் கட்டண அம்சத்தையும் அவருக்குப் பாதகமாக மாற்றக் கூடாது. நீங்கள் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை என்கிறீர்கள். அப்படியானால் இந்த மாற்றம் உங்கள்மேல் இப்போது செல்லாது என்று வாதிட உங்களுக்கு வலுவான இடம் இருக்கிறது.

அவர்கள் இதிலிருந்து நழுவும் வழி ஒன்று உண்டு. ஃபைபரைத் தனி கணக்கு, தனி சேவை, மொபைல் பிளானுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பிரித்துப் பேசுவார்கள். அதனால் புகாரை ஃபைபர் கணக்கு எண்ணில் பதியாதீர்கள். போஸ்ட்பெய்டின் முதன்மை எண்ணில் பதியுங்கள். "என் மொபைல் பிளானில் அடங்கிய ஒரு பலனை ஆறு மாதத்துக்குள் எடுத்துவிட்டார்கள்" என்பதுதான் புகாரின் முதல் வரியாக இருக்க வேண்டும்.

ஸ்ரீரங்கம் டீச்சர்

மிக்க நன்றி சார். ஆட்டோபேயை இப்போதே நிறுத்திவிட்டேன். ஒரு சந்தேகம். அந்தப் பையன் சொன்னது எல்லாம் வாய்ப்பேச்சுதான். என்னிடம் எழுத்தில் என்ன இருக்கிறது?

தஞ்சை நுகர்வோர்

நீங்கள் நினைப்பதைவிட அதிகம் இருக்கும். சேர்ந்தபோது வந்த வரவேற்பு எஸ்எம்எஸ், மெயில், முதல் பில் எல்லாவற்றையும் எடுங்கள். முதல் பில்லில் ஃபைபர் எப்படிக் காட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒரே பிளானின் கீழ் பூஜ்யம் ரூபாய் என்று இருந்தால் அதைவிட நல்ல ஆதாரம் வேண்டாம். நீங்கள் கையெழுத்து போட்ட அல்லது ஓடிபி கொடுத்த விண்ணப்பப் படிவத்தின் நகலையும், சேர்ந்த அன்று நடைமுறையில் இருந்த விதிமுறைகளையும் மெயிலில் கேளுங்கள். இன்றைக்கு இணையத்தில் இருக்கும் விதிமுறைகளை அனுப்பினால் ஏற்காதீர்கள்.

இன்னொன்று. எல்லா நிறுவனங்களும் புதிய கட்டணத் திட்டங்களை டிராயிடம் தாக்கல் செய்ய வேண்டும், டிராய் அவற்றைத் தன் கட்டண இணையதளத்தில் போடுகிறது. அங்கே சேவைப் பகுதியைத் தமிழ்நாடு என்று வைத்து உங்கள் பிளானைத் தேடுங்கள். ஃபைபர் பற்றி ஏதாவது குறிப்பு இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், தேதி தெரியும்படி.

நெல்லை

மன்னிக்கவும், ஒரு கேள்வி. இலவசமாகக் கொடுத்ததை நிறுத்துவதற்கு நாம் எப்படிச் சண்டை போட முடியும்? காசு வாங்காமல் கொடுத்தார்கள், இப்போது முடியவில்லை, நிறுத்துகிறார்கள். இதுதான் என் நண்பர்களும் சொல்கிறார்கள்.

தஞ்சை நுகர்வோர்

இந்த எண்ணத்தால்தான் பெரும்பாலானோர் புகாரே கொடுப்பதில்லை தம்பி. மேடம் எதற்காக 1,199 கட்ட ஒத்துக்கொண்டார்? மொபைலுக்கு மட்டும் என்றால் பழைய ப்ரீபெய்டிலேயே இருந்திருப்பார். அந்த 1,199-க்குள் ஃபைபருக்கான பணமும் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு விலையை அப்படியே வைத்தால் அது விலையேற்றம்.

இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் தவறான விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. 'இலவசம்' என்று விளம்பரம் செய்வதற்கு அதில் தனிப் பகுதியே இருக்கிறது. ஒரு தொகுப்பின் விலையிலேயே அடங்கிய பொருளை 'இலவசம்' என்று சொல்லக் கூடாது என்கிறது. ஆக, ஃபைபர் தொகுப்பின் விலைக்குள் அடங்கியது என்றால் அதை எடுத்துவிட்டு அதே விலையை வாங்குவது தவறு. விலைக்கு வெளியே, உண்மையாகவே இலவசம் என்றால், பிளான் இருக்கும்வரை உண்டு என்று சொல்லி ஆள் பிடித்ததற்குப் பதில் சொல்ல வேண்டும். நான் இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். ஒரே ஒரு எஸ்எம்எஸ்ஸில் ஒரு குடும்பத்தின் மாதச் செலவை மாற்றிவிட்டு, "விருப்பமில்லை என்றால் துண்டித்துக்கொள்ளுங்கள்" என்பது நியாயமே இல்லை.

கரூர் கேபிள்

நான் உள்ளூரில் கேபிளும் ஃபைபரும் கொடுப்பவன். சட்டம் தெரியாது, தொழில் விஷயம் மட்டும் சொல்கிறேன் அக்கா.

வேறு இணைப்புக்குப் போவதாக இருந்தால் புதியது வந்து ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு பழையதைத் துண்டியுங்கள். வகுப்பு எடுக்கிறவர்களுக்கு டவுன்லோடு வேகத்தைவிட அப்லோடும், லைன் விட்டு விட்டுப் போகாமல் இருப்பதும்தான் முக்கியம். சாயங்காலம் ஏழு மணிக்குச் சோதித்துப் பாருங்கள், காலையில் சோதித்தால் எல்லா லைனும் நன்றாகத்தான் இருக்கும். சுவரில் ஃபைபர் வயர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டி பெரும்பாலும் அந்தக் கம்பெனிக்கே சொந்தம், அவர்களுடைய நெட்வொர்க்குக்கு என்று பூட்டியிருக்கும், வேறு லைனுக்கு ஓடாது. திருப்பிக் கொடுக்கும்போது சீரியல் எண் எழுதிய ரசீது வாங்காமல் கையை விட்டு அனுப்பாதீர்கள். பெட்டி வரவில்லை என்று பின்னால் பில் போட்ட கதை எங்கள் ஊரில் நிறைய.

அப்புறம் அந்த லேண்ட்லைன் எண். மொபைல் எண் மாதிரி அதை வேறு கம்பெனிக்கு எடுத்துப் போக முடியாது. நம் நாட்டில் போர்ட் வசதி மொபைலுக்கு மட்டும்தான். நோட்டீஸில் இனிமேல் மொபைல் எண்ணையும் சேர்த்துப் போடுங்கள்.

ஸ்ரீரங்கம் டீச்சர்

லேண்ட்லைன் விஷயம் தெரியாது தம்பி, நல்லவேளை சொன்னீர்கள்.

முதல் பில்லைப் பார்த்தேன். பிளான் பெயருக்குக் கீழே "வீட்டு ஃபைபர் – சேர்க்கப்பட்டது – 0.00" என்று இருக்கிறது! சார் சொன்னபடி போஸ்ட்பெய்டு எண்ணில் புகார் பதிந்து எண்ணும் வாங்கிவிட்டேன். வந்த பதில் இதுதான்: "ப்ரமோஷன் ஆஃபர் முடிந்துவிட்டது. மேலும், இணைப்பை வணிகப் பயன்பாட்டுக்கு உபயோகிப்பதாகத் தெரிகிறது." போனில் பேசும்போது டியூஷன் எடுக்கிறேன், நெட் போய்விட்டால் கஷ்டம் என்று சொன்னேன். அதை எனக்கு எதிராகவே திருப்பிவிட்டார்கள். மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. இதனால் கேஸ் பலவீனமாகிவிடுமா?

தஞ்சை நுகர்வோர்

கவலைப்படாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் வணிக நோக்கத்துக்காகச் சேவை வாங்குபவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று இருப்பது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் பொருள் வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று அதே பிரிவின் விளக்கத்தில் இருக்கிறது. அந்த வரி பொருளைப் பற்றித்தான் பேசுகிறது என்றாலும், வீட்டில் உட்கார்ந்து தனியாக டியூஷன் எடுப்பவர் வாங்கும் சேவைக்கும் அதே நியாயம் பொருந்தும் என்று வாதிடலாம். அதோடு நீங்கள் எதற்குப் பயன்படுத்தினாலும், பிளானின் பலனை எடுத்தது பயன்பாட்டுக்காக அல்லவே. எஸ்எம்எஸ்ஸில் ஆஃபர் முடிந்தது என்றுதானே சொன்னார்கள்? காரணத்தை இப்போது மாற்றுகிறார்கள். அந்தப் பதிலைப் பத்திரமாக வையுங்கள், உங்களுக்குத்தான் உதவும்.

அடுத்தது மேல்முறையீடு. டிராயின் 2012 குறைதீர்ப்பு விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு மேல்முறையீட்டு அதிகாரி இருக்க வேண்டும். புகார் எண்ணைக் குறிப்பிட்டு 30 நாளுக்குள் அனுப்புங்கள், கட்டணம் கிடையாது, 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அந்த முறையீட்டைப் பார்க்கும் ஆலோசனைக் குழுவில் ஒருவர் டிராயில் பதிவு பெற்ற நுகர்வோர் அமைப்பைச் சேர்ந்தவராக இருப்பார். கால் சென்டரில் கிடைக்காத காது இங்கே கிடைக்க வாய்ப்பு உண்டு. நேரடியாக டிராய்க்கு எழுதிப் பயனில்லை, தனிநபர் புகார்களை அவர்கள் விசாரிப்பதில்லை. மேல்முறையீட்டிலும் நியாயம் கிடைக்கவில்லை என்றால் மத்திய அரசின் குறைதீர்ப்பு இணையதளத்தில் தொலைத்தொடர்புத் துறைக்குப் போடலாம்.

நுகர்வோர் ஆணையத்தை, அதாவது நுகர்வோர் நீதிமன்றத்தை, கண்டும் பயப்பட வேண்டாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருட அவகாசம் உண்டு. போன் தகராறுக்கு நுகர்வோர் ஆணையம் வர முடியாது என்று நிறுவனங்கள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தன. 2022 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் அதை முடித்து வைத்தது. மாதம் சராசரியாக 555 ரூபாய் பில் கட்டி வந்த ஒருவருக்கு ஒரே மாதத்தில் 24,609 ரூபாய் பில் வந்த வழக்கு அது. பணம் தானாகக் கிரெடிட் கார்டிலிருந்து போகும்படி வைத்திருந்தார் அவர். ஆட்டோபேயை நிறுத்தச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு எச்சரிக்கை. மனுவில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று தலைப்பு போடாதீர்கள், அது மாநில ஆணையத்துக்குப் போகும் விஷயம். சேவைக் குறைபாடு, நியாயமற்ற வர்த்தக நடைமுறை என்று எழுதினால் திருச்சியிலேயே நடக்கும்.

மலைக்கோட்டை

தஞ்சை சார் சொல்வது சரிதான், என் பதிலைப் பின்பற்ற வேண்டாம் மேடம். எனக்கும் ஒரு கேள்வி சார். எங்கள் அண்ணன் ஒரு வருடத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டி இதேபோல ஒரு பிளான் எடுத்தார். எட்டு மாதம் ஆகிவிட்டது. அவருக்கும் எஸ்எம்எஸ் வந்திருக்கிறது. ஆறு மாதம் தாண்டியதால் ஒன்றும் செய்ய முடியாதா?

தஞ்சை நுகர்வோர்

அவருடைய நிலை இன்னும் நல்லது. முன்பணம் வாங்கிக்கொண்டு இத்தனை மாதம் என்று சொல்லிக் கொடுத்த பிளான் என்றால் அந்தக் காலம் முழுவதற்கும் பாதுகாப்பு உண்டு, அதே 2006 திருத்தத்தில் இருக்கிறது. மாதா மாதம் கட்டி ஆறு மாதத்தைத் தாண்டியவர்களுக்குத்தான் சிரமம். அவர்கள் விற்பனையின்போது என்ன சொன்னார்கள், எழுத்தில் என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான் போராட வேண்டும்.

ஸ்ரீரங்கம் டீச்சர்

எல்லாருக்கும் ஒரு தகவல். மேல்முறையீட்டில் முதல் பில்லையும், 43-வது திருத்தத்தையும், சுயதொழில் விளக்கத்தையும் வைத்தேன். பதில் வந்துவிட்டது. ஆறு மாதம் முடியும்வரை ஃபைபருக்குக் கட்டணம் இல்லை, ஆட்சேபத்தோடு கட்டிய 588 ரூபாய் 82 காசை அடுத்த பில்லில் கழித்துவிடுகிறார்கள். "பிளான் இருக்கும்வரை" என்று சொன்னதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

கரூர் தம்பி சொன்னபடி தெருவில் இருக்கும் கேபிள்காரரிடம் புதிய லைனுக்குச் சொல்லிவிட்டேன். வந்ததும் சாயங்காலம் ஏழு மணிக்கு வகுப்பு எடுத்துச் சோதிக்கப் போகிறேன். பழைய இணைப்பை ஆறு மாதத்தின் கடைசி நாள்வரை விடுவதாக இல்லை. அதற்குள் பெற்றோர் எல்லாரிடமும் புதிய எண்ணைக் கொடுத்துவிடுவேன்.

சார், மீதி விஷயத்துக்கு மாவட்ட ஆணையத்தில் மனு போடலாம் என்று இருக்கிறேன். அந்த விற்பனைப் பையனின் எண் என்னிடம் இருக்கிறது, ஆனால் அவரைச் சிக்கலில் மாட்டிவிட மனசில்லை. அவர் பெயர் இல்லாமல் மனு போட முடியுமா?

தஞ்சை நுகர்வோர்

முடியும் மேடம். நிறுவனத்தை மட்டும் எதிர்மனுதாரராகக் காட்டுங்கள். அவர் நிறுவனத்தின் சார்பில் வந்தவர், அவர் சொன்னதற்கு நிறுவனம்தான் பொறுப்பு. "நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி" என்று எழுதினால் போதும். பெயரை நீக்கி மனுவின் நகலை இங்கே போடுங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.